17ஆம் ஆசனத்துக்கு இருவர்: பொங்கல் முன்பதிவில் நடந்த ஒரு கேஷ் (கணினி இடைச்சேமிப்பு) சரிவின் நிகழ்வு ஆய்வு

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. இரவு ஒன்பதரை மணியளவில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு நடத்துநர் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாண பஸ் காலி வீதியோரம் நிற்கிறது. பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

“தம்பி, 17ஆம் சீட்டுக்கு ரெண்டு பேர் நிக்கினம். ரெண்டு பேரிட்டையும் உங்கட மெசேஜ் இருக்கு. ரெண்டு பேரும் காசு கட்டியிருக்கினம். நான் ஆரை ஏத்திறது?”

ஒருவர் கணவரின் திவசத்துக்கு ஊருக்குப் போகும் வயதான அம்மா. மற்றவர் மூன்று நாள் லீவு கிடைத்து வீட்டுக்குப் போகும் இளைஞர். இருவரிடமும் இருந்தது உண்மையான குறுஞ்செய்திதான். இரண்டையும் அனுப்பியது நாங்கள் எழுதிய மென்பொருள். அந்த இளைஞர் ஆசனத்தை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்து, சாரதிக்குப் பக்கத்தில் இஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்து வவுனியா வரை போனார் என்று மறுநாள் அறிந்தேன். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அன்றிரவு இப்படி 11 ஆசனங்கள் இருமுறை விற்கப்பட்டிருந்தன. அதற்கு முந்திய இரவு எங்கள் முன்பதிவுத் தளம் ஏறத்தாழ 50 நிமிடம் முடங்கிப் போயிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தபோதுதான் இந்த அழைப்பு வந்தது. இரண்டு இரவுகளுக்கும் இடையிலான தொடர்பைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் பிடித்தது. கண்டுபிடித்ததை இங்கே எழுதிவைக்கிறேன். கொழும்பில் இதே மாதிரியான அமைப்புகளைக் கட்டும் இளம் பொறியியலாளர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுடைய பயணிகளுக்கு இது நடக்கக் கூடாது.

எங்களிடம் இருந்தது

தொடக்கத்தில் எல்லாம் அலுவலகத்தில் இருந்த ஒரே சேர்வரில் ஓடியது. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரத்தைத் தொட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் தேடி வரிசையில் நின்றோம். அந்த மாதத்தோடு கிளவுட்டுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சேர்வர்களுக்கு, மாறினோம். தெரிவு செய்தது சிங்கப்பூர். கொழும்பிலிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும் என்பதால், ஒரு கேள்வி போய்ப் பதில் வர எப்படியும் 27 மில்லி வினாடி வேண்டும். கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே உண்மையில் இன்னும் கூடும். பஸ் ஆசனம் பதிபவருக்கு அது பொருட்டே இல்லை.

அங்கே பயணிகளின் கேள்விகளை வாங்கி எங்கள் நிரலை ஓட்டும் நான்கு அப்ளிகேஷன் சேர்வர்கள், ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், முன்னால் ஒரு ரெடிஸ் கேஷ். கேஷ் என்று நான் சொல்வது, அடிக்கடி கேட்கப்படும் பதிலைக் கணக்கிட்டு நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது அதையே எடுத்துக் கொடுக்கும் இடைச்சேமிப்பை. நினைவகத்தில் ஒரு தரவை எட்ட ஏறத்தாழ 100 நானோ வினாடி, நல்ல எஸ்.எஸ்.டி தட்டிலிருந்து எடுக்க அதன் ஆயிரம் மடங்கு. அதைவிடப் பெரிய ஆதாயம், தரவுத்தளம் பல அட்டவணைகளைச் சேர்த்துப் பார்த்துச் செய்யும் வேலை மிச்சமாவது. 2003இல் லைவ்ஜேர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மெம்கேஷ்ட் என்ற கேஷ் மென்பொருளை எழுதியது இந்தத் தேவைக்குத்தான். 2009இல் சல்வத்தோரே சான்ஃபிலிப்போவின் ரெடிஸ் வந்தது.

முன்பதிவுத் தளத்தில் வாசிப்பு மிக அதிகம், எழுத்து மிகக் குறைவு. ஒருவர் ஓர் ஆசனம் வாங்குவதற்குள் பத்து பஸ்களின் ஆசன வரைபடத்தைத் திறந்து பார்ப்பார், வீட்டிலும் கேட்டுவிட்டு மறுபடி திறப்பார். ஆகவே ஒவ்வொரு பஸ்ஸின் ஆசன வரைபடத்தையும் கேஷில் வைத்திருந்தோம். யாராவது ஆசனம் வாங்கினால் அந்த ஒரு பதிவை அழிப்போம். அடுத்து கேட்பவருக்காக அது புதிதாகக் கணக்கிடப்படும். அழிக்க மறந்தாலும் என்றென்றைக்கும் பழசு நிற்காதபடி, ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று மணிநேர ஆயுள் கொடுத்திருந்தோம்.

சாதாரண நாளில் 100 கேள்விக்கு 99ஐ கேஷே பதில் சொல்லி அனுப்பிவிடும். இந்த எண்ணை நாங்கள் பெருமையாகப் பார்த்தோம். அதன் மறுபக்கத்தை யாரும் பார்க்கவில்லை. 99 விழுக்காடு 90 ஆகக் குறைந்தால், பயனருக்கு ஒன்பது விழுக்காடு வித்தியாசம். தரவுத்தளத்துக்கோ 1இல் இருந்து 10, அதாவது பத்து மடங்கு சுமை. பூச்சியம் ஆனால் நூறு மடங்கு. எங்கள் தரவுத்தளம் நூறு மடங்கைத் தாங்குமா என்று நாங்கள் ஒருநாளும் பரீட்சித்ததில்லை. வேகத்துக்காக வைத்த ஒன்று, கூரையைத் தாங்கும் தூணாக எப்போதோ மாறியிருந்தது.

இரவு எட்டு மணி

அன்று மாலை ஐந்து மணிக்குப் புதிய பதிப்பொன்றை வெளியிட்டோம். வரைபடத்தின் வடிவம் மாறியதால் கேஷை முழுதாக அழித்து, ஒரு சிறு நிரலால் எல்லா பஸ்களின் வரைபடத்தையும் இரண்டு நிமிடத்தில் நிரப்பினோம். கவனமாகச் செய்த வேலை. ஆனால் எல்லாப் பதிவுக்கும் ஒரே மூன்று மணிநேர ஆயுள். ஐந்து மணிக்குப் பிறந்தவை எல்லாம் எட்டு மணிக்கு ஒன்றாகச் சாகும்.

எட்டு மணிக்குத்தான் பொங்கல் மேலதிக பஸ்களின் ஆசனங்களைத் திறப்பதாக பஸ் உரிமையாளர்கள் முகநூலில் அறிவித்திருந்தார்கள். வேலை முடிந்து வீடு வந்து, சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் போனைக் கையில் எடுக்கும் நேரம்.

எட்டு மணிக்கு யாழ்ப்பாண பஸ்ஸின் வரைபடத்தை ஒரே நொடியில் நூற்றுக்கணக்கானோர் கேட்டார்கள். கேஷில் இல்லை. எங்கள் நிரலுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இல்லையென்றால் தரவுத்தளத்தைக் கேள், கிடைத்ததை கேஷில் வை. ஆகவே நூற்றுக்கணக்கான பேருக்கும் தனித்தனியாக, அதே கேள்வியைத் தரவுத்தளத்திடம் கேட்டது. ஒரே கிணற்றில் நூறு வாளி இறங்கியது போல. ஒரு வாளி தண்ணீர் வந்தாலே எல்லோருக்கும் போதுமாக இருந்தது. எல்லா வாளியும் ஒன்றோடொன்று முட்டியதால் ஒன்றும் மேலே வரவில்லை.

ஏன் ஒன்றும் மேலே வரவில்லை என்பதற்கு 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய ஓர் எளிய விதி போதும். ஒரு நேரத்தில் உள்ளே இருப்போர் எண்ணிக்கை என்பது, வினாடிக்கு வருவோர் எண்ணிக்கையை ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. எங்கள் தரவுத்தளம் 100 இணைப்புகளை ஏற்கும். அது போஸ்ட்கிரெஸின் இயல்பான அளவு, நாங்கள் மாற்றவில்லை. ஒரு கேள்வி 5 மில்லி வினாடியில் முடிந்தால் 100 இணைப்பில் வினாடிக்கு 20,000 கேள்விகள் வரை ஓட இடமுண்டு. நெரிசலில் அதே கேள்வி அரை வினாடி எடுத்தால் 200தான். சுமை கூடும்போது திறன் நூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சுருங்கியதால் வரிசை நீள்கிறது, வரிசை நீண்டதால் இன்னும் தாமதம்.

இதற்கு மேல் நாங்களே இரண்டு சுமைகளை ஏற்றினோம். முதலாவது, மறுமுயற்சி. மூன்று வினாடியில் பதில் வராவிட்டால் பயணியின் போனிலுள்ள செயலி தானாக மூன்று முறை மறுபடி கேட்கும். அதற்குப் பின்னாலிருந்த அப்ளிகேஷன் சேர்வரும் மூன்று முறை மறுபடி கேட்கும். முதல் முயற்சியோடு நாலு நாலாகப் பெருக்கினால், ஒரு பயணியின் ஒரு தொடுகை 16 கேள்விகள். பயணி பொறுமையிழந்து பக்கத்தைப் புதுப்பித்தால் இன்னொரு 16. கைவிட்டுப் போனவருக்கான கேள்விகளும் வரிசையில் நின்றுகொண்டே இருந்தன.

இரண்டாவது, தானாக விரியும் ஏற்பாடு. கிளவுட்டுக்கு வந்ததன் பெரிய நன்மை என்று நாங்கள் நம்பியது அது. சுமை கூடினால் புதிய சேர்வர்கள் தாமாக எழும். எழுந்தன. ஒவ்வொரு அப்ளிகேஷன் சேர்வரும் 20 இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொள்ளும். நான்கு இருந்தபோது 80, எல்லைக்குள். ஆறாகியதும் 120. தரவுத்தளம் புதியவற்றை மறுக்கத் தொடங்கியது. மறுப்பை நிரல் பிழையாக எடுத்து, மறுபடி முயன்றது. நெரிசல் இருந்த இடமோ ஒற்றைத் தரவுத்தளம். விரிந்தது அதன் முன்னாலிருந்த வாசல்கள் மட்டும்.

2010 செப்டெம்பரில் ஃபேஸ்புக் இரண்டரை மணிநேரம் முடங்கியதன் விளக்கத்தை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். கேஷில் இருந்த ஓர் அமைப்பு மதிப்பு பிழையானது என்று கண்ட ஒவ்வொரு சேர்வரும், சரியான மதிப்பைக் கேட்டுத் தரவுத்தளத்தை நோக்கி ஓடின. தரவுத்தளம் திணறிப் பிழை சொன்னபோது, அந்தப் பிழையையும் தவறான மதிப்பு என்று எண்ணி கேஷ் பதிவை அழித்தன. அழித்ததால் இன்னும் கேள்விகள். மூல காரணத்தைத் திருத்திய பிறகும் அந்தச் சுழல் நிற்கவில்லை. கடைசியில் தளத்தையே நிறுத்தி, மெல்ல மெல்லத் திறக்க வேண்டியிருந்தது. நான் அதை முன்பே வாசித்திருந்தேன். பெரிய நிறுவனத்தின் கதை என்று வாசித்துக் கடந்திருந்தேன். எட்டு மணிக்கு எங்கள் திரையில் ஓடியது அதே சுழல்.

எட்டு பதினொன்றுக்கு ரெடிஸை மறுதொடக்கம் செய்யச் சொன்னேன். கேஷில்தான் கோளாறு என்று நினைத்தேன். அந்தக் கட்டளை எவ்வளவு பெரிய தீங்கு என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அரைகுறையாக மீண்டும் நிரம்பியிருந்த வரைபடங்களும் போயின. தளம் முழுதாக நின்றது. பிறகுதான், ‘சற்றுப் பொறுங்கள்’ என்ற பக்கத்தை முன்னால் வைத்து எல்லா வருகையையும் தடுத்தோம். மறுமுயற்சிகளை அணைத்தோம். கேஷை நிரப்பினோம். பத்துப் பேரில் ஒருவர், பிறகு மூவர் என்று உள்ளே விட்டோம். எட்டு ஐம்பதுக்கு எல்லாம் வழமைக்குத் திரும்பியது. மேலதிக பஸ்கள் ஒன்பதரைக்குள் நிறைந்துவிட்டன. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கொத்து வாங்கி, அலுவலகத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இருமுறை விற்ற ஆசனங்கள்

அடுத்த இரவு அந்த அழைப்பு.

முதல் சந்தேகம் பழைய வரைபடம் மீது. 17ஆம் ஆசனம் விற்றுப்போன பிறகும் கேஷ் அதைக் காலி என்று காட்டியிருக்கலாம். ஆனால் அது மட்டும் காரணமாக முடியாது. வரைபடம் பொய் சொன்னாலும், பணம் கட்டும் இடத்தில் தரவுத்தளம் ‘இது ஏற்கெனவே போய்விட்டது’ என்று மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. இரண்டு பதிவுகளும் தரவுத்தளத்தில் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் உறுதிசெய்யப்பட்ட நிலையில் இருந்தன.

ஒருவர் ஆசனத்தைத் தொட்டதும், அவர் வங்கிப் பக்கத்துக்குப் போய் ஓடிபி எண்ணைப் போட்டு வரும்வரை அந்த ஆசனத்தைப் பத்து நிமிடம் பிடித்துவைப்போம். குழுவில் இதை ‘ஹோல்ட்’ என்போம். அந்த ஹோல்ட் இருந்தது ரெடிஸில் மட்டும். எங்கள் ரெடிஸ் தட்டில் எதையும் எழுதாத வகையில் அமைக்கப்பட்டிருந்தது. கேஷுக்கு அது ஏன் என்று நினைத்திருந்தோம்.

எட்டு ஆறுக்கு அந்த அம்மாவின் மகள் 17ஐத் தொட்டிருக்கிறார். தளம் திணறியதால் வங்கிப் பக்கம் வர நேரமெடுத்தது. எட்டு பதினொன்றுக்கு நான் சொன்ன மறுதொடக்கத்தோடு ஹோல்ட் மறைந்தது. தரவுத்தளத்தில் இன்னும் பணம் கட்டிய பதிவு இல்லாததால், புதிதாகக் கணக்கிட்ட வரைபடத்தில் 17 காலி. தளம் திறந்த பின் அந்த இளைஞர் அதைத் தொட்டு, பணம் கட்டி, உறுதிச் செய்தி பெற்றார். வங்கியிலிருந்து மகளின் பணம் வந்த செய்தி அதற்குப் பின்னர் வந்தது. பணம் வந்துவிட்டால் ஹோல்ட் இருந்திருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையில் எங்கள் நிரல் நேராகப் பதிவை எழுதியது.

மறுதொடக்கம் செய்யாமல் இருந்திருந்தால் தப்பியிருப்போமா? அன்று தப்பியிருக்கலாம். ஆனால் ரெடிஸ் தன் நகலுக்குத் தரவை அனுப்புவது பின்னோடு நடக்கும் வேலை. முதன்மைச் சேர்வர் ‘எழுதிவிட்டேன்’ என்று சொன்ன பிறகு, நகலுக்குப் போகும் முன் அது விழுந்தால், அந்த எழுத்து போனதுதான். நினைவகம் நிரம்பினால் பழைய பதிவுகளை வெளியேற்றும்படியும் நாங்களே அமைத்திருந்தோம்; வெளியேறுவது வரைபடமா ஹோல்டா என்று அது பார்க்காது. மறந்துபோக உரிமை கொடுக்கப்பட்ட ஓர் இடத்தில், மறக்கக் கூடாத ஒன்றை வைத்திருந்தோம்.

அப்படியானால் தரவுத்தளம் ஏன் மறுக்கவில்லை? இதைத் தேடித்தான் நான்கு நாள் போனது. என்னை அதிகம் வருத்தியதும் இதுதான். தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு இருந்தது. பஸ், பயணத் திகதி, ஆசன எண் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று தரவுத்தளத்தில் ஓர் ஒருமைக் கட்டுப்பாடு. அதை நாங்களே ஓராண்டுக்கு முன் எடுத்துவிட்டிருந்தோம்.

பதிவுகள் பெருகி அட்டவணை கனமானபோது, அதை மாதவாரியாகப் பிரித்தோம். போஸ்ட்கிரெஸ் 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்தே இதற்கு நல்ல வசதி தருகிறது. நாங்கள் பிரித்தது முன்பதிவு செய்த நேரத்தை வைத்து. கணக்காளருக்கு மாத அறிக்கை இலகு என்பதே காரணம். ஆனால் பிரிக்கப்பட்ட அட்டவணையில் ஒருமைக் கட்டுப்பாடு வைப்பதாயின், எதை வைத்துப் பிரித்தோமோ அந்த விவரமும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவும் தன் எல்லைக்குள்தான் ஒருமையைச் சோதிக்க முடியும். டிசெம்பர்ப் பிரிவு ஜனவரிப் பிரிவுக்குள் எட்டிப் பார்க்காது. முன்பதிவு நேரத்தையும் கட்டுப்பாட்டில் சேர்த்தால், ஒரே ஆசனத்தை இரண்டு வெவ்வேறு நொடிகளில் விற்கலாம் என்று அர்த்தம். அது கட்டுப்பாடே இல்லை. ஆகவே கட்டுப்பாட்டை நீக்கினோம். அந்த மாற்றத்தின் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: ‘ரெடிஸ் ஹோல்ட் பார்த்துக்கொள்ளும்.’ மதிப்பாய்வு செய்து ஒப்புதல் கொடுத்த நால்வரில் நானும் ஒருவன்.

சேமிப்பு பெருக வேண்டும் என்று எடுத்த ஒரு முடிவு, ஆசனம் ஒன்று ஒருவருக்குத்தான் என்ற உறுதியை கேஷின் தோளில் இறக்கிவைத்திருந்தது. கேஷ் அதை அறியவில்லை. அடுத்த ஆண்டு வந்த எங்கள் புதியவர்களுக்கும் அது தெரியாது.

எவ்வளவு நேரம் பழசாக இருக்கலாம்

திருத்த உட்கார்ந்தபோது முதல் நாள் கணினியைத் திறக்கவில்லை. எங்களிடம் இருக்கும் ஒவ்வொரு வகைத் தரவையும் பலகையில் எழுதி, ஒரே கேள்வியைக் கேட்டோம்: இது எவ்வளவு நேரம் பழசாக இருந்தால் ஒரு மனிதருக்குத் தீங்கு வரும்?

பஸ்ஸின் வழித்தடமும் நிறுத்தங்களும் ஒரு நாள் பழசானாலும் பாதகமில்லை. கட்டணம் பத்து நிமிடம், ஆனால் பணம் கட்டும் கணத்தில் புதிதாகப் பார்க்க வேண்டும். ‘இன்னும் 12 ஆசனங்கள் உண்டு’ என்ற எண் அரை நிமிடம் பழசாக இருக்கலாம். ஆசன வரைபடம் சில வினாடி. காலி என்று தொட்டால் ‘இப்போதுதான் போனது’ என்று பதில் வரும், பயணி அடுத்ததைத் தொடுவார், கொஞ்சம் சலிப்புத்தான். இந்த ஆசனம் யாருடையது என்ற ஒன்று மட்டும் ஒரு நொடியும் பழசாக இருக்க முடியாது. அது கேஷில் இருக்கவே கூடாது.

மிச்சமெல்லாம் அந்தப் பலகையிலிருந்து வந்தது. ஹோல்டைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனோம். வேகம் குறையுமே என்று பயந்தவர்கள் எங்களில் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது, வரைபடம் பார்ப்போரோடு ஒப்பிட்டால் ஆசனத்தைத் தொடுவோர் மிகச் சிலர். அவ்வளவு எழுத்து தரவுத்தளத்துக்கு ஒரு சுமையே அல்ல. அட்டவணையை மறுபடி பிரித்தோம், இம்முறை பயணத் திகதியை வைத்து. பயணத் திகதி கட்டுப்பாட்டின் இயல்பான அங்கம் என்பதால், ஒருமைக் கட்டுப்பாடு அப்படியே திரும்பி வந்தது. இரத்துச் செய்த பதிவுகளை மட்டும் அதிலிருந்து விலக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் விட்டுக்கொடுத்த ஆசனத்தை மறுபடி விற்க முடியாது. இரண்டு பேர் ஒரே கணத்தில் எழுத வந்தால் போஸ்ட்கிரெஸ் இரண்டாமவரை நிறுத்திவைத்து, முதலாமவர் முடித்ததும் மறுத்துவிடும். எங்கள் நிரல் எவ்வளவு குழம்பினாலும் அது குழம்பாது.

இன்னொரு பயனும் கிடைத்தது. பயணம் முடிந்த பழைய மாதங்களை முழுப் பிரிவாகக் கழற்றி, அடையாள அட்டை இலக்கங்களை நீக்கிவிட்டு, மலிவான சேமிப்புக்கு மாற்ற முடிகிறது. தேவைக்கு மேல் தனிப்பட்ட தரவை வைத்திருக்கக் கூடாது என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

பழைய பதிவுகளைப் புதிய அட்டவணைக்கு மாற்றும்போது கட்டுப்பாடு முதல்முறை ஏற மறுத்தது. பொங்கலின் 11ஐத் தவிர, அதற்கு முந்திய மாதங்களிலும் நான்கு ஆசனங்கள் இருமுறை விற்கப்பட்டிருந்தன. யாரும் எங்களுக்கு முறையிட்டிருக்கவில்லை. பஸ்ஸடியில் வாக்குவாதப்பட்டு, யாரோ நின்றுகொண்டோ இஞ்சின் மூடியில் உட்கார்ந்தோ இரவு முழுக்கப் பயணம் செய்திருக்கிறார்கள். அந்த நால்வருக்கும் தொலைபேசி எடுத்துப் பணத்தைத் திருப்பினோம். ஒருவர், “அது அப்பவே முடிஞ்ச கதை, விடுங்கோ தம்பி” என்றார். எனக்கு அது முடிந்த கதையாக இருக்கவில்லை.

நெரிசலுக்கான மருந்துகள் இந்தத் துறையில் நன்றாகத் தெரிந்தவை. எங்களுக்குத்தான் காலம் கடந்து தெரிந்தது. ஆயுள் முடியும் நேரத்தைச் சிதறவிட்டோம்: ஒவ்வொரு பதிவுக்கும் அடிப்படை ஆயுளோடு தற்செயலாகச் சில வினாடி கூட்டுகிறோம். ஐந்து மணிக்குப் பிறந்தாலும் இனி ஒன்றாகச் சாவதில்லை.

பதிவு இல்லாதபோது எல்லோரும் கிணற்றுக்கு ஓடாமல், ஒருவருக்கு மட்டும் வாளியைக் கொடுக்கிறோம். 2013இல் ஃபேஸ்புக் பொறியியலாளர்கள் தங்கள் மெம்கேஷ்ட் அமைப்பைப் பற்றி எழுதிய ஆய்வுரையில் இதை ‘லீஸ்’ என்கிறார்கள். பதிவு இல்லை என்று கண்ட முதலாமவருக்கு ஓர் அனுமதி இலக்கம் கிடைக்கும். அவர்தான் தரவுத்தளத்திடம் போவார். மற்றவர்கள் சற்றுக் காத்திருப்பார்கள், அல்லது சற்றுப் பழைய பதிலோடு திருப்திப்படுவார்கள். நெரிசலுக்கு ஆளாகக்கூடிய பதிவுகளில் அவர்கள் அளந்தபோது, தரவுத்தளத்துக்குப் போன உச்சச் சுமை வினாடிக்கு 17,000 கேள்வியிலிருந்து 1,300க்கு இறங்கியிருக்கிறது. லீஸ் இன்னொரு நுட்பமான தவறையும் தடுக்கிறது. ஒருவர் பழைய வரைபடத்தைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துக்கொண்டு வரும் வழியில், இன்னொருவர் ஆசனம் வாங்கி கேஷ் பதிவை அழித்துவிட்டால், முதலாமவர் வந்து பழசை மறுபடி வைத்துவிடுவார். அதை அழிக்க இனி யாரும் வரமாட்டார்கள். அழிக்கும்போதே அவருடைய அனுமதி இலக்கமும் செல்லாததாகிவிட்டால், அவர் வைக்க முடியாது.

மிக அதிகமாகக் கேட்கப்படும் சில பதிவுகளுக்கு இன்னொரு முறை. 2015இல் வட்டானி, கியெரிக்கெட்டி, லோவன்ஸ்டீன் ஆகிய மூவர் எழுதியது. ஆயுள் முடியும்வரை காத்திராமல், முடியும் நேரம் நெருங்க நெருங்க ஒவ்வொரு வருகையும் ஒரு தாயக்கட்டையை உருட்டுகிறது. கணக்கிட எவ்வளவு நேரமெடுக்குமோ அவ்வளவுக்கு முன்கூட்டியே யாராவது ஒருவருக்கு விழும். அவர் பின்னணியில் புதுப்பித்துவிடுவார். யாரும் வெறும் இடத்தைப் பார்ப்பதில்லை.

கேஷைப் பல சேர்வர்களாகப் பெருக்கவும் செய்தோம். ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு அது உதவவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பதிவின் பெயரை எண்ணாக்கி, சேர்வர் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்த்து இடம் ஒதுக்கினால், நான்கு ஐந்தாகும்போது 80 விழுக்காடு பதிவுகள் இடம் மாறும். அது இன்னொரு எட்டு மணி. 1997இல் டேவிட் கார்கரும் கூட்டாளிகளும் முன்வைத்த முறையில் ஐந்தில் ஒரு பங்குதான் மாறும். பல சேர்வர்களில் பரவி ஓடும் ரெடிஸ் க்ளஸ்டர், பதிவுப் பெயர்களை 16,384 அறைகளாகப் பிரித்து, அறைகளைச் சேர்வர்களுக்குப் பகிர்ந்து இதே பலனைத் தருகிறது. எல்லாம் நல்லது. ஆனால் பொங்கலுக்கு முந்திய இரவில் எல்லோரும் கேட்பது ஒரே பஸ்ஸை. ஒரு பதிவு ஒரு சேர்வரில்தான் இருக்கும். பத்துச் சேர்வர் வாங்கினாலும் ஒன்பது சும்மா இருக்கும். அதற்கு நாங்கள் கண்ட வழி, அப்ளிகேஷன் சேர்வர் ஒவ்வொன்றும் தன் சொந்த நினைவகத்தில் அந்த வரைபடத்தை ஒரே ஒரு வினாடி வைத்துக்கொள்வது. ஆயிரம் பேர் கேட்டாலும் ரெடிஸுக்குப் போவது வினாடிக்கு ஒரு சேர்வரிலிருந்து ஒரு கேள்வி. ஒரு வினாடிப் பழசு பாதகமில்லை என்று பலகை ஏற்கெனவே சொல்லியிருந்தது.

மறுமுயற்சி இனி ஓர் அடுக்கில் மட்டும், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டித்து, அதிலும் சிதறலோடு. தரவுத்தளத்தின் முன்னால், சில இணைப்புகளையே எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பிஜிபௌன்சர் என்ற மென்பொருள் நிற்கிறது. அப்ளிகேஷன் சேர்வர்கள் எத்தனை எழுந்தாலும் உள்ளே போகும் இணைப்பு கூடாது.

ஒத்திகை

ஆடி மாதம், நல்லூர்த் திருவிழாவுக்கு ஆசனங்கள் திறக்கும் முன், ஒரு செவ்வாய் நள்ளிரவில் ஒத்திகை பார்த்தோம். பரீட்சைக்கு அமைத்த மாதிரித் தளத்தில் பொங்கல் இரவின் பதிவேட்டிலிருந்து அதே வருகையை மீண்டும் ஓடவிட்டு, நடுவில் ரெடிஸை அணைத்தோம். முதல் முறை தோற்றோம்: அணைந்த ரெடிஸுக்காக அப்ளிகேஷன் சேர்வர்கள் ஐந்து வினாடி காத்துக்கொண்டிருந்தன. அந்தக் காத்திருப்பைக் குறைத்தோம். இரண்டாம் முறை பக்கங்கள் நான்கு வினாடிவரை எடுத்தன. பலருக்கு ‘சற்றுப் பொறுங்கள்’ பக்கம் வந்தது. ஆனால் ஒரு ஆசனமும் இரண்டு பேருக்குப் போகவில்லை. திருவிழாவின் 25 நாளிலும் போகவில்லை.

ஒன்று இன்னும் தீரவில்லை. வங்கியின் பதில் பத்து நிமிடத்தைத் தாண்டி வரும்போது ஹோல்ட் முடிந்து ஆசனம் வேறொருவருக்குப் போயிருக்கும். தரவுத்தளம் இப்போது சரியாக மறுக்கிறது. ஆனால் பணம் பயணியின் கணக்கிலிருந்து போய்விட்டது. அது திரும்ப நாட்களாகும். அப்படி மறுக்கப்பட்ட பதிவுகள் ஒரு தனிப் பட்டியலில் விழுகின்றன. தானாகத் திருப்பி அனுப்பும் நிரலை எழுதிக்கொண்டிருக்கிறோம். அதுவரை, விழாக் கால இரவுகளில் எங்களில் ஒருவர் அந்தப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பெயர் விழுந்தால் அந்த நிமிடமே அழைத்து, வேறு பஸ்ஸில் இடம் பார்த்துக் கொடுக்கிறோம், அவர் வீட்டை விட்டுப் புறப்பட முன்.